பட்டயத்துக்குள் புகுந்த கடல்

திருவாலங்காட்டில் கடல் கிடையாது. அரக்கோணம் ரயிலில் போய் இறங்கினால் வயல், கோயில், நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான ரத்தின சபை. அலைச் சத்தம் கேட்க வேண்டுமானால் கிழக்கே கடற்கரை வரை போகவேண்டும். ஆனாலும், சோழர் படை கடல் தாண்டிப் போனதற்கான முக்கியச் சான்றுகளில் ஒன்று இந்த ஊர்க் கோயிலுக்கு எழுதிக்கொடுத்த நிலப் பட்டயம்தான்.

முதலாம் ராஜேந்திர சோழன் தன் 6-ஆம் ஆட்சியாண்டில், 1018-ஐ ஒட்டி, பழையனூரைத் திருவாலங்காட்டு மகாதேவருக்குக் கொடுத்தான். அரசன் சொன்னதோடு வேலை முடிந்துவிடாது. சோழர் கால வழக்கப்படி ஓலை எழுதவேண்டும், அதிகாரிகள் சரிபார்க்கவேண்டும், பெண் யானையை எல்லை நெடுக நடத்தி, கல்லும் கள்ளியும் நடவேண்டும். செம்பில் வெட்டுவது அதற்கெல்லாம் பிறகு.

எவ்வளவு பிறகு? அங்கேதான் முடிச்சு. கடல் தாண்டிப் போன கடாரப் படையெடுப்பு நடந்தது 1025 வாக்கில். 6-ஆம் ஆண்டுப் பட்டயத்தின் வடமொழிப் பகுதியோ அந்த வெற்றியைப் பாடுகிறது! தானம் கொடுத்துப் பல ஆண்டுகள் கழித்தே நாராயணன் என்ற கவி இந்தப் பகுதியை இயற்றியிருக்கவேண்டும் என்பது அறிஞர்கள் முடிவு. தாலுகா ஆபீஸுக்கு நடந்தவர்கள் இதில் ஆச்சரியப்பட மாட்டார்கள். எனக்கென்னவோ அந்தத் தாமதத்துக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது. வேலை சட்டென்று முடிந்திருந்தால் இந்தச் செம்பில் கடாரம் ஏறியிருக்காது.

ஏறியதும் கொஞ்சம்தான். ஸ்ரீவிஜயம், இலங்காசோகம், மாநக்கவாரம் என்று ஊர் ஊராக அடுக்குவது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு. செப்பேட்டுக் கவியோ, கடல் கடந்த படையால் கடாரம் வென்றான் என்று ஒரு சுலோகத்தில் முடித்துவிடுகிறார். அந்தக் கடாரத்தைத் தொடக்கத்தில் பர்மாவில் தேடியவர்களும் உண்டு. 1918-இல் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செடெஸ் ஸ்ரீவிஜய அரசை அடையாளம் காட்டிய பிறகே படம் தெளிந்தது. இன்றைய மலேசியாவின் கெடா மாநிலம்தான் கடாரம்.

1905-இல் செப்பேடு வெளிச்சத்துக்கு வந்தது. மொத்தம் 31 ஏடுகள். அவற்றைக் கோத்த வளையத்தின் முத்திரையில் புலி, இரண்டு மீன், வில். கல்வெட்டறிஞர் கிருஷ்ண சாஸ்திரி படித்துப் பதிப்பித்தார். இன்று இருப்பது எழும்பூர் அருங்காட்சியகத்தில். புகழ்பெற்ற திருவாலங்காட்டு நடராசர் செப்புத் திருமேனியும் அங்கேதான்.

ராஜேந்திரனின் கப்பல் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. மரம் மக்கியது, செம்பு தங்கியது. அந்தச் செம்பிலும் பெரும்பகுதி தமிழ்தான்: பழையனூரின் எல்லை எந்த வாய்க்காலில் திரும்புகிறது, யார் யார் கையெழுத்திட்டார்கள் என்கிற கணக்கு.