ஆட்டு ஈரல் ஒதுக்கப்பட்டால் உங்கள் பட்டியைப் பாருங்கள்

ஆட்டை வியாபாரி கையில் கொடுத்தபின் இறைச்சிக்கூடப் பரிசோதனை நமக்கு எதற்கு என்று நினைக்கிறீர்களா? உங்கள் பட்டியில் என்ன நோய் இருக்கிறது என்று செலவில்லாமல் தெரிந்துகொள்ளும் இடம் அதுதான்.

2001-ஆம் ஆண்டு இறைச்சிக்கூட விதிகளின்படி, கால்நடை மருத்துவர் தகுதிச் சான்று தராத ஆட்டை அறுக்கக் கூடாது. சினை ஆடு, மூன்று மாதம் நிரம்பாத குட்டி, அந்த வயதுக் குட்டியுள்ள தாய் ஆடு ஆகியவற்றுக்கும் அனுமதி இல்லை. ஒரு மருத்துவர் மணிக்கு 12, நாளுக்கு 96 கால்நடைகளுக்கு மேல் பார்க்கக் கூடாது. ஆகவே பெட்டை ஆடுகளைச் சினை பார்த்த பிறகே விற்பனைக்கு ஒதுக்குங்கள்.

அறுப்பதற்கு முன் நடை, மூச்சு, சளி, கழிச்சல் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். அறுத்த பின் ஈரல், நுரையீரல், மண்ணீரல். உங்களுக்கான செய்தி இங்கேதான் இருக்கிறது. ஈரலின் பித்தக்குழாய் தடித்து, உள்ளே இலை போன்ற தட்டைப்புழு இருந்தால், அந்த ஆடு நத்தை உள்ள வாய்க்கால் ஓரமோ குட்டைக்கரையோ மேய்ந்திருக்கிறது. கூட மேய்ந்தவற்றுக்கும் இருக்கலாம். வழக்கமான குடற்புழு மருந்துகள் எல்லாமே இதற்குக் கேட்பதில்லை. புழுக்கையைப் பரிசோதித்து மருந்து கேளுங்கள்.

நீர் நிறைந்த கட்டிகள் இருந்தால் காரணம் நாயின் நாடாப்புழு. அந்த ஈரலை நாய்க்குப் போட்டால் நோய் சுற்றிச் சுற்றி வரும், உங்கள் பிள்ளைகளுக்கும் வரலாம். பட்டி நாய்க்கும் புழு மருந்து கொடுங்கள். அடுத்த முறை வியாபாரி வரும்போது, "போன ஆட்டின் ஈரல் எப்படி இருந்தது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஊசி மருந்தின் மிச்சம் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பொறுப்பு உங்களுடையது. மருந்துச் சீட்டில் உள்ள நாட்கள் முடியும்வரை விற்காதீர்கள். நாள் குறிப்பிடாவிட்டால் இறைச்சிக்குக் குறைந்தது 28 நாட்கள்.

எனக்குப் பெரிய கவலை, பரிசோதனையே இல்லாமல் ஊருக்குள் நடக்கும் அறுப்புதான். சாகக் கிடக்கும் ஆட்டை, 'போட்ட காசாவது வரட்டும்' என்று அறுத்துக் கூறு போடுகிறோம். ஆடு திடீரென இறந்து, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கருத்த ரத்தம் கசிந்தால் அது அடைப்பானாக இருக்கலாம். கத்தி வைக்காதீர்கள், தோலும் உரிக்காதீர்கள். அறுத்தவர் கையிலேயே புண் வரும், கிருமி மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை நாய், காக்கை அண்டவிடாதீர்கள். பிறகு அவர்கள் சொல்லும் இடத்தில் 6 அடி ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு முழுதாகப் புதையுங்கள்.