ஒல்லாந்தர் கண்ட இரு துறைகள்

பள்ளுருத்தியிலிருந்து மட்டாஞ்சேரி செல்வோர் டச்சு அரண்மனையைக் காணாதிருத்தல் அரிது. போர்த்துக்கீசியர் கட்டி, ஒல்லாந்தர் செப்பனிட்ட மாளிகை அது. 1663-இல் கொச்சியைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கும்பினியார் 1795 வரை இங்கே கோலோச்சினர். அதே கும்பினியார் ஜப்பானில் வாழ்ந்த நிலையை நூல்களிற் படித்தபோது நாம் பெரிதும் வியப்புற்றோம்.

1641 முதல் அவர்களை நாகசாகித் துறையில், டெஷிமா என்னும் விசிறி வடிவச் சிறுதீவில் ஜப்பானியர் ஒதுக்கி வைத்திருந்தனர். கரையோடு இணைக்க ஒரே பாலம், அதற்கும் காவல். வாணிகம் மட்டும் நடந்தது. ஜப்பானியச் செம்பு நம் கரைகளுக்கு வந்தது. சோழமண்டலக் கரையின் கோடிட்ட பருத்தித் துணி அங்கே சென்றது. அத்துணிக்கு அவர்கள் இட்ட பெயர் ‘சந்தோமே’. நம் மயிலாப்பூரை அடுத்த சாந்தோமே அது!

பண்டத்தினும் நம் நெஞ்சைத் தொட்டது ஒரு நூலின் வரலாறு. 1771-இல், இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரின் கொலைக்களத்தில் ஒரு பிணத்தை அறுத்துக் காட்டினர். காண வந்த மருத்துவர்களான சுகிதா கென்பாக்கு, மாயெனோ ரியோதாக்கு ஆகியோரிடம் டச்சு உடற்கூற்று நூல் இருந்தது. அதன் படங்கள் கண்ணெதிர் உறுப்புகளோடு அப்படியே ஒத்திருந்தன. மறுநாளே அதனைத் தம் நாட்டார்க்கு ஆக்கித்தர அமர்ந்தனர். உதவும் அகராதி இல்லை. ரியோதாக்கு அறிந்தவை சில சொற்களே. கென்பாக்கு எழுத்தும் அறியார். பதினொரு முறை திருத்தி எழுதி 1774-இல் வெளியிட்டனர். ஒரு குறிப்பை மறுமுறை எழுதச் சொன்னாலே முகஞ்சுளிக்கும் எழுத்தர் குலத்தினராகிய நாம் இங்கே சற்று நாணத்தான் வேண்டும். நரம்புக்கு அவர்கள் ஆக்கிய ‘ஷின்கெய்’ என்னும் சொல் இன்றும் அங்கே வழங்குகிறது.

கொச்சியில் நிகழ்ந்ததோ இதன் மறுதலை. இட்டி அச்சுதன் முதலிய வைத்தியர்களின் மூலிகையறிவை ஒல்லாந்த ஆட்சித் தலைவர் வான் ரீடு திரட்டினார். அது ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில், இலத்தீனில் வெளிவந்தது. பேராசிரியர் மணிலாலின் உழைப்பால் மலையாளத்தில் வந்தது 2008-இல்.

ஆயினும் ஜப்பானியரையே புகழ்ந்து அமைய நம் மனம் ஒப்பவில்லை. அன்று பிணத்தை அறுத்து உறுப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டியவர், தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்ட தொண்ணூறு வயது முதியவர். கென்பாக்கு பின்னர் எழுதிய நினைவுரையில் அவர் வயது உண்டு, பெயர் இல்லை. ஈழவ வைத்தியரான அச்சுதனின் பெயரோ, அவர் 1675-இல் கோலெழுத்தில் எழுதிய சான்றுரையோடு, முதல் தொகுதியிலேயே உள்ளது.

கோலெழுத்து வட்டெழுத்தின் வழிவந்தது. அச்சான்றுரையின் படியை நம் பிள்ளைகளிடம் காட்டினோம். பள்ளியில் மலையாளமும் மாலையில் வீட்டில் தமிழும் பயில்பவர்கள். இரு மொழியெழுத்தையும் ஒப்பிட்டு நெடுநேரம் எழுத்துக்கூட்டினர்; ஒரு சொல்லும் பிடிபடவில்லை. தாளைத் திருப்பித் தரவும் மனம் வரவில்லை அவர்களுக்கு.