பிறையை வணங்கிய மக்கள்: பண்டைய மெசபடோமியாவின் மதமும் பண்பாடும்

ஷஃபான் 29 மாலையில் குளச்சல் கடற்கரையில் நின்று மேற்கு வானத்தைப் பார்க்கிறோம். பிறை தெரிந்தால் ரமளான். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் இராக்கிலும் மக்கள் இப்படித்தான் பிறை பார்த்து மாதத்தைத் தொடங்கினர். ஆனால் அவர்கள் அந்தச் சந்திரனையே தெய்வமாகவும் வணங்கினர். நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இந்தப் பின்னணி தெரிந்திருப்பது நல்லது.

இரு நதிகளின் நாடு

யூப்ரடீஸ் (ஃபுராத்), டைகிரிஸ் (திஜ்லா) நதிகளுக்கு இடைப்பட்ட நாடே மெசபடோமியா. சுமேரியர், அக்காடியர், பாபிலோனியர், அசீரியர் ஆகியோர் அங்கு வாழ்ந்தனர். கி.மு. 3200 அளவில் களிமண் பலகையில் ஆப்பெழுத்து எழுதத் தொடங்கினர். 60-ஐ அடிப்படையாகக் கொண்டு எண்ணினர். ஒரு மணிக்கு 60 நிமிடம் என்பது அவர்கள் விட்டுச்சென்றதே. சிந்துவெளி முத்திரைகளும் சூதுபவள மணிகளும் அங்குள்ள 'ஊர்' என்னும் நகரில் கிடைத்திருப்பது, இந்தியாவுடன் அவர்கள் செய்த வணிகத்துக்குச் சான்று.

வானத்துத் தெய்வங்கள்

ஊர் நகரின் காவல் தெய்வம் சந்திரன். பெயர் நன்னா, மற்றொரு பெயர் சின். கி.மு. 21-ஆம் நூற்றாண்டில் ஊர்நம்மு மன்னர் அதற்கு எழுப்பிய படிக்கட்டுக் கோபுரம் இன்றும் இராக்கில் நிற்கிறது. சூரியனை ஷமாஷ் என்றும், வெள்ளிக் கோளை இஷ்தார் என்றும் வணங்கினர்.

இப்ராஹீம் நபியின் ஊர்ப் பெயரைக் குர்ஆன் சொல்லவில்லை. பைபிள் 'ஊர்' என்கிறது. முஸ்லிம் வரலாற்றாசிரியர்கள் பலர் பாபில் பகுதி என்கின்றனர். குர்ஆன் 6:74-79 வசனங்களில் அவர்கள் நட்சத்திரம், சந்திரன், சூரியன் மூன்றையும் வரிசையாகக் காட்டி, மறைந்து போவது இறைவனாக முடியாது என்று தம் மக்களுக்கு உணர்த்துகிறார்கள். அந்த நாட்டு மக்கள் வணங்கியவையும் இவைதாம்.

சிலைக்கு உணவு

மெசபடோமியக் கோயில்களில் சிலைக்கு ஆடை அணிவித்து, நாள்தோறும் உணவும் பானமும் படைத்தனர். இப்ராஹீம் நபி சிலைகளிடம், நீங்கள் சாப்பிட மாட்டீர்களா என்று கேட்டதாகக் குர்ஆன் (37:91) கூறுவதன் பொருள் இப்போது தெளிவாகும். இறைவன் உணவளிப்பவன், நம்மிடம் உணவு கேட்பவன் அல்லன்.

பன்னிரண்டு மாதங்கள்

சந்திர ஆண்டுக்கு ஏறத்தாழ 354 நாட்கள். பருவத்தோடு ஒத்துப்போக, மெசபடோமியர் சில ஆண்டுகளில் பதின்மூன்றாவது மாதம் சேர்த்தனர். குர்ஆன் (9:36) மாதங்கள் பன்னிரண்டே என்று வரையறுத்தது. அதனால்தான் நம் ரமளான் சில ஆண்டுகள் கோடை வெயிலிலும், சில ஆண்டுகள் ஆனி ஆடிச் சாரலிலும் வருகிறது.

பிறை நமக்குக் காலம் காட்டும் அடையாளம் மட்டுமே (2:189). பிறை கண்டால் ஓத நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த துஆவில், என் இறைவனும் உன் இறைவனும் அல்லாஹ்வே என்று அந்தப் பிறையைப் பார்த்தே சொல்கிறோம். அடுத்த பிறை பார்க்கப் போகும்போது பிள்ளைகளுக்கு அந்த துஆவை அதன் பொருளோடு சொல்லிக்கொடுங்கள்.