பற்சக்கரமும் பிடிவாதமும்

மிதிவண்டியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் இயந்திரத்தின் வரலாற்றையே எழுதி முடித்துவிடுகின்றனர். அதை நேசித்த மனிதர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. வாழ்நாள் முழுதும் மிதிவண்டியையே நினைந்து வாழ்ந்த பிரெஞ்சுக்காரர் இருவர், அந்த நேசத்தின் காரணமாகவே எதிரெதிர் நின்ற கதையை இங்கு நாம் காண்போம்.

முதலாமவர் ஆன்றி தெகிராஞ்ச் (1865–1940). சட்ட அலுவலகம் ஒன்றில் எழுத்தராக வாழ்வைத் தொடங்கியவர். 1893 மே 11 அன்று பாரீஸ் ஓட்டக்களத்தில் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் மிதித்துச் சாதனை படைத்தார். பின்னாளில் 'லோத்தோ' என்னும் விளையாட்டு நாளிதழுக்கு ஆசிரியரானார். இதழின் விற்பனையைப் பெருக்க வழி தேடியபோது, அவரிடம் பணிபுரிந்த ஜியோ லெஃபெவ்ர் கூறிய யோசனையில் பிறந்ததே 'தூர் தெ பிரான்ஸ்' என்னும் நெடும்பந்தயம். 1903 ஜூலையில் நிகழ்ந்த முதற்பந்தயத்தில் புறப்பட்டோர் 60 பேர். 2,428 கிலோமீட்டரையும் கடந்து முடித்தோர் 21 பேர்.

இரண்டாமவர் போல் தெ விவி (1853–1930). சேந்த் எத்தியென் நகரத்துப் பட்டு வணிகர்; 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதியவர். 1887இல் மிதிவண்டிக்கென்றே இதழ் ஒன்றைத் தொடங்கினார். அவருடைய ஊரைச் சுற்றிலும் மலைகள். ஏற்றத்துக்கு ஒரு பற்சக்கரம், சமவெளிக்கு வேறொன்று என மாற்றிக்கொள்ள வழியிருந்தால் எளிய மனிதரும் மலையேறலாம் என்று அவர் கருதினார். கியர் மாற்றும் முறைகளைத் தம் வண்டியிலேயே சோதித்துப் பார்த்து, ஓயாது எழுதியும் வந்தார்.

தெகிராஞ்ச் இதை ஏற்கவில்லை. கியர் வயதானவர்களுக்கு உரியது, பந்தய வீரனின் துணை தசைவலிமை ஒன்றே என்பது அவர் கொள்கை. அக்கால வீரர்களின் பின்சக்கரத்தில் பக்கத்துக்கொன்றாக இரு பற்சக்கரங்கள் இருக்கும். மலையடிவாரத்தில் இறங்கி, மரையைக் கழற்றி, சக்கரத்தைத் திருப்பி மாட்டி, மீண்டும் ஏற வேண்டும். ஒரே ஒருவர் மட்டும் முடிக்கக்கூடிய பந்தயமே இலட்சியப் பந்தயம் என்று தெகிராஞ்ச் கருதியதாகவும் சொல்வர்.

அக்கொள்கைக்கு விலை கொடுத்தவர்கள் வீரர்கள். 1913இல் பிரனே மலைத்தொடரின் துர்மாலே கணவாயில் ஈஜேன் கிறிஸ்தோஃபின் வண்டியில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் முறிந்தது. பிறர் உதவியைப் பெறலாகாது என்பது விதி. வண்டியைச் சுமந்து பத்து கிலோமீட்டருக்கு மேல் மலையிறங்கி, சேந்த் மரி தெ காம்பான் சிற்றூரின் கொல்லுப்பட்டறையில் தம் கையாலேயே இரும்பைக் காய்ச்சி அடித்துச் செப்பனிட்டார். துருத்தியை ஒரு சிறுவன் இயக்கினான். அந்த உதவிக்கும் அவருக்குத் தண்டனை நேரம் விதிக்கப்பட்டது! 1919இல் மஞ்சள் மேலாடையை முதன்முதலாக அணிந்தவரும் அவரே. ஆயினும் அப்பந்தயத்தை அவர் ஒருமுறையும் வென்றாரில்லை.

இவ்விருவரில் யார் பக்கம் நியாயம்? யாப்பின் இறுக்கத்திலேதான் கவிதையின் ஆற்றல் வெளிப்படும் என்போரையும், இறுக்கம் தளர்ந்தால்தான் பலரும் பாட இயலும் என்போரையும் நாம் அறிவோம். தெகிராஞ்சுக்கு மிதிவண்டி மனிதனை அளக்கும் கோல். வெலோசியோவுக்கு அது மனிதனைச் சுமந்து செல்லும் தோழன். அளக்கும் கோலைத் தளர்த்தக் கூடாது என்று ஒருவர் அஞ்சினார். தோழனின் சுமையை எவ்வளவு குறைக்கலாம் என்று மற்றவர் எண்ணினார்.

வெலோசியோ 1930இல் தம் ஊரிலேயே டிராம் வண்டி மோதி இறந்தார். தெகிராஞ்ச் 1936இல் உடல்நலங்குன்றிப் பந்தயத்தின் இடையிலேயே விலக நேர்ந்தது. பொறுப்பு ஜாக் கொதேயிடம் சென்றது. மறுஆண்டே, 1937இல், முன்னணி வீரர்களுக்கும் கியர் மாற்றும் கருவி அனுமதிக்கப்பட்டது. அவ்வாண்டு வென்ற ரொஜே லாபெபி அக்கருவியைக் கொண்டே வென்றார்.

பந்தயம் அதனால் எளிதாகிவிடவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். வீரர்கள் இன்னும் விரைந்தனர். துர்மாலே அதே உயரத்தில் நிற்கிறது. தெகிராஞ்ச் வீரர்களை அம்மலைகளுக்கு அனுப்பியிராவிட்டால், வெலோசியோ விரும்பிய கருவியின் அருமையை உலகம் இத்துணைத் தெளிவாக அறிந்திருக்குமா என்பது ஐயமே. ஒருவர் மலையைத் தந்தார். மற்றவர் அதில் ஏறும் வழியைத் தந்தார். இன்று அவ்வழியே ஏறும் ஒவ்வொரு வண்டியும் இவ்விருவரின் பிடிவாதத்துக்கும் கடன்பட்டதே.