"போகலாம்" என்ற மருத்துவர்



கொள்ளைநோய்க் காலத்தில் ஒரு செவிலியர், "எனக்குப் பயமாக இருக்கிறது, வீட்டுக்குப் போகிறேன்" என்றால் என்ன சொல்வோம்? ஓநாயைக் கண்டு ஆடுகளை விட்டு ஓடும் கூலியாளின் உவமை உடனே நம் நாவில் வந்துவிடும். அதை அடுத்தவர்மேல் எறிவது எளிது.

2000ஆம் ஆண்டு அக்டோபரில், உகாண்டா நாட்டின் வடபகுதியில் குலு என்னும் ஊரில் எபோலா நோய் பரவியது. நோயாளியின் இரத்தமோ உடல்நீரோ பட்டால் தொற்றும் நோய். அன்று அதற்குத் தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. குலுவை அடுத்த லாக்கோரில் உள்ள தூய மரியா மருத்துவமனை, கொம்போனி சபை மறைப்பணியாளர்கள் தொடங்கியது. அங்கே பயிற்சிச் செவிலியர்கள் இறக்கத் தொடங்கினர்.

மருத்துவர் மத்தேயு லுக்வியா அப்போது மேற்படிப்புக்காகக் கம்பாலாவில் இருந்தார். செய்தி கேட்டுத் திரும்பி வந்தார். இறந்தவர்களின் மருத்துவக் குறிப்புகளைப் படித்து, ஆய்வக முடிவு வரும் முன்பே எபோலா என்று ஐயுற்றார். தனி வார்டு அமைத்தார். கையுறை, முகக்கவசம், மேலங்கி கொடுத்தார். தாமாக முன்வந்தவர்களைக் கொண்டே அந்த வார்டை நடத்தினார்.

அப்படியும் பணியாளர்கள் ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள். நவம்பரில் மற்றவர்கள் திரண்டு, மருத்துவமனையை மூடச் சொன்னார்கள். அவர்கள் கோழைகள் அல்லர். உடன் உழைத்தவர்களைப் புதைத்துவிட்டு வந்தவர்கள். லுக்வியா அவர்களை ஏசவில்லை. போக விரும்புகிறவர்கள் போகலாம், தாம் போகப் போவதில்லை என்றார். அந்தச் சொல்லுக்கு எடை இருந்தது. 1989இல் கிளர்ச்சியாளர்கள் அருள்சகோதரிகளைக் கடத்த வந்தபோது, அவர்களுக்குப் பதிலாகத் தாமே பிணையாகச் சென்றவர் அவர். பலர் பணியில் தங்கினார்கள்.

ஐந்து பிள்ளைகளின் தந்தையான அவர், டிசம்பர் 5 அன்று அதே நோயால் இறந்தார். அந்தக் கொள்ளைநோய் 425 பேரைப் பற்றியது; 224 பேர் மாண்டனர். கத்தோலிக்க மருத்துவமனைக்காக உயிர் கொடுத்த அவர் புராட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்தவர்.

அன்பர்களே, தியாகம் ஒருவர் தாமாகக் கொடுப்பது. பிறர் கட்டளையிட்டு வாங்குவது அன்று. ஒருவரை ஆபத்தில் நிற்கச் சொல்பவருக்கு அவரைக் காக்கும் கடமை உண்டு. கவச உடை கொடுக்காமல் கைதட்டுவது நன்றி ஆகாது.

நம் மண்ணிலும் இது நடந்தது. 2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் ஆம்புலன்சைத் தாக்கியது. உடன் பணியாற்றிய மருத்துவரே இரவில் மண்வெட்டி பிடித்துக் குழியை மூடினார். அன்று ஆட்டை விட்டு ஓடியவர் யார்? மருத்துவரா, ஊரா?

நம் பங்கிலும் செவிலியர்கள் இருக்கிறார்கள். இரவுப் பணிக்குப் போகும் தாயின் பிள்ளைக்கு ஒரு வேளைச் சோறு, அவர்கள் ஊதியமும் பாதுகாப்பும் கேட்கும்போது உடன் நிற்கும் ஒரு குரல்: இவை நம்மால் முடியும். அவர்களுக்காகச் செபிப்போம், அவர்களைத் தனியே விடாதிருக்க நமக்காகவும் செபிப்போம். ஆமென்.