மர்மக் கதைகளும் முகவை மண்ணும்

முன்னுரை

கமுதியில் குண்டாற்றின் கரையில் ஒரு பழைய கோட்டை சிதைந்து கிடக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேதுபதி மன்னர் விஜயரகுநாதர் பிரெஞ்சுப் பொறியாளர்களின் துணையோடு இதைக் கட்டினார் என்பர். பழைய கோட்டை என்றதும் சிறுவர்களுக்குச் சுரங்கப்பாதையும் புதையலும்தான் நினைவுக்கு வரும். எட்டு வயது முதல் பன்னிரண்டு, பதின்மூன்று வயது வரை உள்ள பிள்ளைகள் மர்மக் கதைகளை விரும்பிப் படிப்பதற்குக் காரணமே இந்தக் கற்பனைதான்.

முகவை எனப்படும் இராமநாதபுரம் மாவட்டம் 1985-இல் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. அதற்கு முன்பு தேவகோட்டை, சிவகாசி, கீழடி, கமுதி எல்லாம் ஒரே மாவட்டத்தில் இருந்தன. வறண்ட பூமி என்று பெயரெடுத்த இந்த மாவட்டத்துக்குத் தமிழ்ச் சிறுவர்களின் மர்ம, சாகசக் கதை வரலாற்றில் பெரும் பங்கு உண்டு. ஆனால் அந்தக் கதைகளில் இந்த மண் இடம்பெற நெடுங்காலம் ஆயிற்று.

தேவகோட்டைக்காரர்

துப்பறியும் கதைகள் தமிழில் பரவியது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் போன்றோர் எழுதியவை பெரியவர்களுக்கான நாவல்கள். பிள்ளைகள் அவற்றை ஒளித்து வைத்துத்தான் படிக்க வேண்டும்!

இளைய வாசகர்களைத் துப்பறியும் கதைப் பக்கம் பெருமளவில் இழுத்தவர் தமிழ்வாணன். தேவகோட்டையில் பிறந்த இவர், 1948-இல் தொடங்கிய 'கல்கண்டு' இதழின் ஆசிரியராக 1977-இல் மறையும் வரை இருந்தார். 'துணிவே துணை' என்பது அவருடைய முழக்கம். அவர் படைத்த துப்பறிவாளர் சங்கர்லால் தேநீர் குடித்துக்கொண்டே சிந்திப்பார். வெளிநாடுகளுக்கும் சென்று குற்றவாளிகளைப் பிடிப்பார். வெளிநாட்டைக் கண்ணால் பார்த்திராத சிற்றூர்ப் பையன்களுக்கு அந்த நகரங்களை அறிமுகம் செய்தவர் அவரே. ஆயினும் சங்கர்லால் பெரியவர். பிள்ளைகள் அவரைப் பின்தொடரலாமே தவிர, அவராக முடியாது.

பிள்ளைகளே துப்பறிந்தால்?

இந்தக் குறையை உலக இலக்கியத்தில் முதலில் தீர்த்தவர்களில் ஒருவர் ஜெர்மானிய எழுத்தாளர் எரிக் கெஸ்ட்னர். 1929-இல் அவர் எழுதிய நாவலில், ரயிலில் பணத்தைப் பறிகொடுத்த எமில் என்ற சிறுவன், பெர்லின் நகரத்துப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு திருடனைப் பிடிக்கிறான். இங்கிலாந்தில் எனிட் பிளைட்டன் 1942 முதல் 1963 வரை, நான்கு பிள்ளைகளும் ஒரு நாயும் துப்பறியும் 21 நாவல்களை எழுதினார். படிக்கும் பிள்ளைக்கு "நம்மாலும் முடியும்" என்ற எண்ணத்தை இவை தந்தன.

தமிழில் இந்த வழியில் எழுதியவர்களுள் பெ. தூரன் (1908-1987) குறிப்பிடத்தக்கவர். தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியராக இருந்த இந்த அறிஞர் 'கொல்லிமலைக் குள்ளன்', 'தரங்கம்பாடித் தங்கப் புதையல்' என்று சிறுவர்களுக்குச் சாகச நாவல்களும் எழுதினார். தலைப்பிலேயே தமிழ்நாட்டு ஊரும் மலையும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். சாகசத்துக்குக் கடல் தாண்ட வேண்டியதில்லை என்று இவை காட்டின. புதுக்கோட்டைப் பகுதியின் அரிமளத்தில் பிறந்த வாண்டுமாமா (1925-2014), 'கோகுலம்', 'பூந்தளிர்' இதழ்களில் பணியாற்றி, ஏராளமான சிறுவர் கதைகளையும் படக்கதைகளையும் தந்தார்.

சிவகாசியின் மாயாவி

கமுதிக்கு மேற்கே உள்ள சிவகாசி, பட்டாசோடு அச்சுத் தொழிலுக்கும் பெயர் பெற்ற ஊர். அங்கிருந்து 1972-இல் எம். சௌந்தரபாண்டியன் 'முத்து காமிக்ஸ்' வெளியிட்டார். முதல் கதை 'இரும்புக்கை மாயாவி'. 1962-இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் தொடங்கிய படக்கதையின் தமிழாக்கம் இது. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் தெரியும். 1984-இல் சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் 'லயன் காமிக்ஸ்' தொடங்கினார்.

பேருந்து நிலையக் கடைகளிலும் வாடகை நூல் நிலையங்களிலும் இந்தப் புத்தகங்கள் கிடைத்தன. ஒரு புத்தகத்தைப் பத்துப் பேர் மாற்றி மாற்றிப் படித்து, கடைசியில் அட்டை கிழிந்துவிடும். வாசிப்புப் பழக்கத்தை இவை வளர்த்தன என்பதில் ஐயமில்லை. அச்சானது முகவை மண்ணில்தான். ஆனால் கதை நடந்தது அந்நிய நகரங்களில்.

ஒரு கோட்டையும் ஒரு நாவலும்

சொந்த மண்ணைக் கதைக்களமாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு வங்காளம் நல்ல உதாரணம். சத்யஜித் ரே 1965-இல் 'சந்தேஷ்' என்ற சிறுவர் இதழில் ஃபெலுதா என்ற துப்பறிவாளரை அறிமுகம் செய்தார். 1971-இல் வந்த 'சோனார் கெல்லா' நாவலின் கதை ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் கோட்டை வரை செல்கிறது. 1974-இல் ரே அதைத் திரைப்படமாகவும் எடுத்தார். அதன் பிறகு வங்காளிகள் கூட்டம் கூட்டமாக அந்தப் பாலைவனக் கோட்டையைப் பார்க்கச் செல்லலாயினர். சிறுவர் நாவல் ஒன்று செய்த வேலை இது!

கமுதிக் கோட்டைக்கு அந்தப் புகழ் கிடைக்கவில்லை. கதைக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. 1799-இல் சித்திரங்குடி மயிலப்பன் சேர்வைக்காரர் தலைமையில் முதுகுளத்தூர், அபிராமம், கமுதிப் பகுதி மக்கள் கும்பினியாரின் கச்சேரிகளைத் தாக்கி ஆயுதங்களைக் கைப்பற்றினர். நெடுநாள் தலைமறைவாகத் திரிந்த அவர் 1802-இல் தூக்கிலிடப்பட்டார். மாறுவேடம், துரத்தல், காட்டிக்கொடுத்தல் என்று ஒரு சாகச நாவலுக்கு வேண்டிய அனைத்துக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு.

கீழடிச் சிறுவன்

பழைய முகவை மாவட்டத்தின் ஒரு மூலைக்கு அந்த வாய்ப்பு அண்மையில் கிடைத்தது. உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை' 2023-இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. இக்காலச் சிறுவன் ஒருவன், பழங்காலக் கீழடியில் வாழ்ந்த ஆதனைச் சந்திக்கும் கதை அது. கீழடிப் பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் கிடைத்த பெயர்தான் 'ஆதன்'. அங்கு அகழாய்வு தொடங்கும் வரை அது வெறும் தென்னந்தோப்பு.

முடிவுரை

மர்மக் கதை ஒரு பிள்ளைக்குக் கற்றுத் தருவது கேள்வி கேட்கும் பழக்கத்தை. இந்தச் சுவரை யார் கட்டினார்கள், யார் இடித்தார்கள் என்று கேட்பவன் பாதித் துப்பறிவாளன். தன் ஊரில் எதுவுமே நடந்ததில்லை என்று நினைக்கும் பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்காது. கோட்டைக் கல் ஒவ்வொன்றாகப் பெயர்ந்தாலும் அதற்குத் தெரியாது. தேவகோட்டை ஒரு துப்பறிவாளரைத் தந்தது. சிவகாசி ஒரு மாயாவியைத் தந்தது. கீழடி ஆதனைத் தந்தது. குண்டாற்றங்கரைக் கோட்டை இன்னும் தன் கதைக்காகக் காத்திருக்கிறது.