துரை காலில் பூட்ஸ், நம் காலில் அட்டை

2024 ஐப்பசியில், மண்சரிவின் பத்தாவது வருச நினைவுக்காகக் கொஸ்லந்தையிலிருந்து மீரியபெத்தைக்கு ஏறிக்கொண்டிருந்தோம். நல்ல மழை. எங்களில் மூன்று பேர் சறுக்கி விழுந்தோம். மூன்று பேர் காலிலும் சப்பாத்து இருந்தது. அதில் ஒரு சோடி வெளிநாட்டிலிருந்து சித்தப்பா அனுப்பியது. பெட்டியில் 'சீரோ ட்ராப்' என்றும், குளிரிலும் ஈரத்திலும் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு ஏற்றது என்றும் போட்டிருந்ததாம். முன்னால் விறகுக் கட்டோடு போன அக்கா மட்டும் விழவில்லை. அவங்க காலில் எதுவுமே இல்லை. திரும்பிப் பார்த்துச் சிரித்தாங்க. "பெருவெரல ஊனி வாங்க தம்பி, குதிய வெச்சா இழுத்துக்கிட்டுப் போயிரும்."

அந்தச் சப்பாத்துப் பெட்டியின் வாசகம் அன்று முழுக்க எங்களுக்குப் பகிடியாக இருந்தது. பிறகு ஒருத்தி கேட்டாள்: "சரி, இந்த மலையில வேட்டைக்குப் போனது யாரு? அவங்க கால்ல என்ன இருந்திச்சு?" இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து வந்தது.

முதலில் சீரோ ட்ராப் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறோம். சாதாரண ஓட்டச் சப்பாத்தில் குதிப்பக்கம் விரல்பக்கத்தைவிட ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும். அந்த உயர வித்தியாசம் பூச்சியமாக இருந்தால் சீரோ ட்ராப். குதியும் விரலும் ஒரே மட்டம், அவ்வளவுதான். 2009இல் வந்த 'போர்ன் டு ரன்' என்ற புத்தகத்துக்குப் பிறகு மேற்கில் இதற்குப் பெரிய மவுசு. ஏதோ புதுக் கண்டுபிடிப்பு மாதிரி விற்கிறார்கள். உண்மையில் புதிதாக வந்தது குதிதான். பாரசீகக் குதிரை வீரர்கள் அங்கவடியில் கால் நழுவாமல் இருக்க உயர்ந்த குதி வைத்தார்கள். அது 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பிரபுக்களின் காலுக்குப் போனது. நடந்து வேட்டையாடினவர்கள் குதியே வைக்கவில்லை. 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, 5,000 வருசத்துக்கும் முந்திய 'ஓட்ஸி' மனிதனின் காலணிக்கு அடி கரடித்தோல், உள்ளே காய்ந்த புல். வட ஐரோப்பாவின் சாமி மக்கள் கலைமான் தோல் காலணிக்குள் புல் திணித்துக்கொண்டார்கள். ஈரம் வந்தால் புல்லை எடுத்துக் காயவைக்கலாம். இனுவிட் மக்களின் சீல்தோல் காலணியும் தட்டைதான். ஈரத்திலும் குளிரிலும் வேட்டைக்கு எது நல்லது என்று கேட்டால் அவர்களுடைய பதில் ஏறத்தாழ ஒன்றுதான்: அடி தட்டையாக, விரலுக்கு இடம் விட்டு, காயவைக்கக் கூடியதாக இருக்கவேண்டும்.

இனி நம்ம மலைக்கு வருவோம்.

ஊவாவின் பேர்போன வேட்டைக்காரர் மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ். பதுளையில் அரசாங்க அதிகாரியாக இருந்தவர். 1,000க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டார் என்று அவர் கணக்கைப் பெருமையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். நுவரெலியாவில் இருக்கும் அவர் கல்லறையையும் இடி விடவில்லை என்பது ஊர்க்கதை. (கதையாகவே இருக்கட்டும், எங்களுக்குப் பிடித்திருக்கிறது.) அடுத்து சாமுவேல் பேக்கர். 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறி, இங்கிலாந்திலிருந்து வேட்டை நாய்களைக் கொண்டுவந்து, குளிரிலும் தூறலிலும் மரை துரத்தியவர். அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார்.

இவர்களுக்கு யானையைவிடப் பெரிய தொந்தரவு அட்டை. எமர்சன் டெனன்ட் என்ற அதிகாரி 1859இல் இலங்கையைப் பற்றி எழுதிய நூலில் இதை விவரமாகச் சொல்கிறார். கோப்பித் தோட்டத் துரைமார் நெருக்கமாக நெய்த துணியில் கால் உறை தைத்துப் போட்டுக்கொண்டார்கள். 'அட்டை உறை' என்றே அதற்குப் பெயர். அதே இடத்தில் பல்லக்குத் தூக்கிகளையும் கூலிகளையும் பற்றி எழுதுகிறார். அவர்கள் கால் வெறுங்கால். இரண்டு கையும் சுமையில் இருப்பதால் அட்டையைப் பிடுங்க முடியாது. கணுக்காலைச் சுற்றி அட்டைகள் திராட்சைக் குலை மாதிரி தொங்கும் என்கிறார். நாங்கள் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தோம். உறை தைக்கலாம் என்பது தெரிந்திருக்கிறது. அதற்கான துணியும் நாட்டில் இருந்திருக்கிறது. அந்த உறை கூலிகளின் காலுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு வழக்கமாக வரும் பதில் ஒன்று உண்டு: "அவங்களுக்கு வெறுங்கால்தானே பழக்கம்." துரைமார் மட்டுமில்லை, நம்ம ஆட்களும் இதைச் சொல்வார்கள். எங்களுக்கு இதில் உடன்பாடு இல்லை. பத்துப்பாட்டில் வரும் பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடையனின் கால் வருகிறது. தொடர்ந்து செருப்புப் போட்டதால் தழும்பு விழுந்து இறுகிப்போன கால் அது. செருப்புக்குச் சங்க காலச் சொல் 'தொடுதோல்'. பெரியபுராணத்துக் கண்ணப்பரும் வேடர்தான். சிவலிங்கத்தின் மேல் முந்தி இருந்த பூக்களை அவர் செருப்புக் காலாலேயே தள்ளினார் என்று சேக்கிழார் எழுதுகிறார். வேட்டைக்குப் போகும் கருப்பசாமிக்குத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்றும் ஆணிச் செருப்பு செய்து நேர்த்திக்கடன் வைக்கிறார்கள். ஆக காட்டிலும் மேட்டிலும் நடந்த தமிழ் ஆளின் காலில் தட்டைத் தோல்செருப்பு இருந்திருக்கிறது. அது எல்லார் காலிலும் இருந்ததா என்று கேட்டால், இல்லை. ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்று ஒடுக்கப்பட்ட சாதிகளைத் தடுத்து வைத்திருந்தார்கள். தோலைப் பதப்படுத்திச் செருப்புத் தைத்த ஆளே மேல்சாதித் தெருவில் அதைப் போட முடியாது. மலையகத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். பழக்கம் என்று சொல்வதற்குள் இவ்வளவும் ஒளிந்திருக்கிறது.

அந்தக் கால்கள்தான் மன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் 200 கிலோமீட்டருக்கும் மேல் காட்டுவழி நடந்தன. ஊவாவுக்கு வந்தவர்கள் அதற்குப் பிறகும் நடந்தார்கள். தோட்டத்தில் குளிருக்குக் கம்பளி கொடுத்தார்கள், அதையும் கணக்கில் பற்று எழுதித்தான். கவ்வாத்துக் கத்தி, முள்ளு, கூடை எல்லாம் வேலைச் சாமான். சப்பாத்து மட்டும் சாமானாகக் கணக்கில் வரவில்லை. எங்களில் ஒருத்தியின் அம்மாயி சொல்வார்: துரை வரும் ரோட்டில் செருப்போடு நிற்க மாட்டார்களாம், கழற்றிக் கையில் எடுத்து ஓரமாக ஒதுங்குவார்களாம். ஊரில் எந்தத் தெருவை விட்டு வந்தார்களோ, அதே தெரு இங்கே தேயிலை மலையிலும் இருந்திருக்கிறது.

வெறுங்காலுக்கு என்ன விலை கொடுத்தோம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1898இல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஆய்வாளரின் கையில் புழுக் குஞ்சுகள் இருந்த தண்ணீர் தவறிச் சிந்தியது. தோல் அரித்தது. சில வாரத்தில் அவர் மலத்திலேயே கொக்கிப்புழு முட்டைகள். இந்தப் புழு வாய்வழியாகத்தான் வரும் என்று நினைத்திருந்தார்கள், ஆனால் அது தோல்வழியாகப் புகுந்துவிடுகிறது. ஈரமண்ணில் இருந்து விரலிடுக்கில் நுழைந்து, இரத்தத்தோடு நுரையீரலுக்கு ஏறி, தொண்டை வழியாகக் குடலுக்கு இறங்கி, அங்கே கொக்கி போட்டு இரத்தம் குடிக்கும். 1916இல் ரொக்பெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் ஒழிப்பு வேலையைத் தொடங்கியபோது, சோதித்த தொழிலாளர்களில் 10 பேரில் 9 பேருக்கும் மேல் இந்தப் புழு இருந்தது. சோம்பேறிகள் என்று பேர் வாங்கின கூட்டத்துக்கு உடம்பில் இரத்தம் இல்லை.

மருந்து கொடுத்தார்கள், கொஞ்ச நாளில் புழு திரும்பி வந்தது. காரணம் வைத்தியர்களுக்குத் தெரியும்: கக்கூஸ் இல்லாத லயம், அதைச் சுற்றி ஈரமண், அதில் வெறுங்கால். கக்கூஸ் கட்டும் செலவைத் தலையில் போட்டுக்கொள்ளத் தோட்ட நிர்வாகங்கள் பின்வாங்கின. இதே ரொக்பெல்லரின் பணத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அதற்குச் சில வருசம் முந்தி நடந்த வேலையில், சப்பாத்துப் போடுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே மருந்துதான் முன்னால் நின்றது. ஆளைச் சீக்கிரம் வேலைக்கு அனுப்ப மருந்து போதும்.

மீரியபெத்த மண்ணையும் இந்தக் கணக்கில்தான் பார்க்கிறோம். அந்தச் சரிவு ஆபத்தானது, ஆட்களை இடம் மாற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டது. 2014 அக்டோபர் 29 காலையில் லயங்களை மண் மூடியது. காலுக்குக் கீழே இருப்பதற்குச் செலவழிப்பது எப்போதும் கடைசி வரிசையில் நிற்கிற வேலை.

வெறுங்காலைப் புகழ்ந்து எழுதவும் எங்களுக்கு மனசில்லை. அக்கா விழவில்லை என்பது உண்மை. வெறுங்கால் விரல் களிமண்ணைக் கவ்விப் பிடிக்கும். எங்கள் சப்பாத்தின் அடிப்பள்ளங்களில் களி நிரம்பி, கடைசியில் வழுக்குப் பலகையில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. அடி தட்டையாக இருப்பது வேறு, பிடிப்பு வேறு. சரிவில் இறங்கும்போது தட்டை அடி உதவும், உயர்ந்த குதி ஆளை முன்னுக்குத் தள்ளும். ஆனால் குதிச் சப்பாத்துக்குப் பழகியவர் திடீரென்று தட்டைக்கு மாறினால் கெண்டைக்கால் வலி எடுக்கும். எங்கள் தோழருக்கு அன்று இரவு எடுத்தது. மெல்லிய அடி ஈரமண்ணின் குளிரை அப்படியே காலுக்கு ஏற்றும், அதற்குக் கம்பளி மேசு வேண்டும். மேசு இறுக்கமாக இருந்தால் இரத்தம் ஓடாமல் இன்னும் குளிரும். இதெல்லாம் வாங்கத் தெரிந்தவனுக்கும் வாங்க முடிந்தவனுக்கும் உள்ள விசயம். அக்காவின் குதியில் வெடிப்பு விரல் நுழையும் அளவுக்கு இருந்தது.

திரும்பி வரும்போது லயத்து வாசலில் தேத்தண்ணி கொடுத்தாங்க. கம்பூட்ஸ் போடலாமே என்று கேட்டோம். "அது தண்ணி பூந்தா வெளிய போகாது. கல்லு எங்கிருக்குன்னும் காலுக்குத் தெரியாது, ஒரு தடவ போட்டு விழுந்தேன்" என்றாங்க. சரி, உங்களுக்குன்னே ஒரு சப்பாத்துத் தைச்சா எப்படி இருக்கணும்?

கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "அடி தட்டையா இருக்கணும். வெரல நெருக்கக் கூடாது. கல்லு தெரியணும், குத்தக் கூடாது. தண்ணி நின்னா வடிஞ்சு போகணும். அட்ட ஏறக் கூடாது. அப்பிடி ஒன்னு இருக்கா?"

தோழர் தன் காலைப் பார்த்தார். அட்டையைத் தவிர மற்றதெல்லாம் அங்கே இருந்தது. "இருக்கு அக்கா" என்றார். அவங்க விலையைக் கேட்டாங்க. 100 டொலர், நம்ம காசுக்கு முப்பதாயிரம் ரூபாய் வரும். அந்த வருசம் செப்டம்பரில் வர்த்தமானியில் அறிவித்த நாள் சம்பளம் 1,350 ரூபாய். அக்கா விரல் விட்டு எண்ணினாங்க, 22 நாள் பேர். "நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, கணுக்காலில் ஏறிய அட்டையைச் சவர்க்காரத் துண்டால் தள்ளினாங்க.